காஞ்சிப் பௌத்தரும் வியன்னா மருத்துவரும்

உத்திரமேரூரில் நம்மிடம் ஓதும் பிள்ளைகளுள் ஒருவன், பன்னிரண்டு வயதினன், ஒருநாள் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் தனியே வந்து நின்றான். இரண்டு நாட்களாக அவன் சரியாக உண்பதில்லை என்று சமையல் செய்பவர் முன்னரே நம்மிடம் சொல்லியிருந்தார். காரணம் கேட்டோம். "ஹஜ்ரத், கனவில் செய்த காரியத்துக்குக் கேள்வி கணக்கு உண்டா?" என்றான். தன் தம்பியைத் தானே ஏரிக்குள் தள்ளிவிட்டதாகக் கனவு கண்டிருக்கிறான். விழித்த பின்னும் அந்தக் கை தன் கையாகவே அவனுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

உறங்குகிறவன்மீது எழுதுகோல் ஓடுவதில்லை என்பது மத்ரஸாவின் முதல் படியில் கால் வைத்தவரும் அறிந்த சட்டம். அதைச் சொல்லித் தேற்றினோம். பிள்ளை தலையசைத்தான், ஆனால் போகவில்லை. "பாவம் இல்லை, சரி. அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது, ஹஜ்ரத்? நான் அப்படி நினைத்ததே இல்லையே!" என்றான்.

இந்த இரண்டாம் கேள்விக்கு நம்மிடம் விடை இருக்கவில்லை. முப்பது ஆண்டுகள் பாடம் சொன்ன நாம் ஒரு சிறுவன்முன் வாயடைத்து நின்றோம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. அன்று தொடங்கிய தேடல் நம்மை முதலில் ஐரோப்பாவுக்கு இட்டுச் சென்று, பிறகு நம் ஊருக்கு மிக அருகிலேயே, பேருந்தேறினால் ஒரு பொழுதில் போய் வரக்கூடிய காஞ்சிபுரத்தில், கொண்டுவந்து நிறுத்தியது.

காஞ்சி என்றவுடன் கோயில்களும் பட்டும் நினைவுக்கு வருகின்றன. அந்நகர் ஒரு காலத்தில் பௌத்தத்தின் பெருநகராகவும் விளங்கியது. கி.பி. 640ஐ ஒட்டி அங்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், நூற்றுக்கு மேற்பட்ட விகாரைகளும் பதினாயிரம் துறவிகளும் அந்நாட்டில் இருந்ததாக எழுதி வைத்தார். அவர் இலங்கைக்குக் கடல் கடக்க எண்ணி வந்தவர். அங்கே அரசன் இறந்தான், பஞ்சம் சூழ்ந்தது என்று சொல்லிக்கொண்டு இலங்கைத் துறவிகளே காஞ்சிக்கு வந்து சேர்ந்ததால் அவர் பயணம் தடைப்பட்டது. அப்பெரும் சங்கத்தின் சுவடுகள் இன்று மிகச் சில. காமாட்சியம்மன் கோயிலில் இருந்த, ஆளுயரத்தை விஞ்சி நிற்கும் புத்தர் சிலையொன்று சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. து. அ. கோபிநாதராவ் 1915இல் காஞ்சியின் பௌத்தச் சின்னங்களைத் தேடித் தொகுத்தார், மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் 'பௌத்தமும் தமிழும்' என்னும் நூலில் தமிழருக்கு அதை எடுத்துரைத்தார்.

சிலைகள் போயின, சொற்கள் போகவில்லை. 'பள்ளி' என்னும் சொல் பழந்தமிழில் படுக்கையைக் குறித்தது. துறவிகள் தங்கும் இடத்தைக் குறித்தது. அங்கே பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தமையால் கல்விச்சாலைக்கும் பெயராயிற்று. நாமோ இறைவனை வணங்கும் இல்லத்தையே பள்ளிவாசல் என்கிறோம். நாளும் ஐந்து வேளை நம் நாவில் புழங்கும் சொல்லின் அடியில், நாம் நினைத்தும் பாராத ஒரு பழைமை கிடக்கிறது. ஆழ்மனம் என்று கற்றோர் சொல்வதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்கவில்லை.

மணிமேகலை தன் இறுதிப் பகுதியில் காஞ்சிக்குத்தான் வந்து சேர்கிறாள். அங்கேதான் அறவண அடிகள் அவளுக்குப் பேதைமை முதல் வினைப்பயன் ஈறாகப் பன்னிரண்டு சார்புகளை உபதேசிக்கிறார். அவற்றுள் மூன்றாவது 'உணர்வு'. அதை அவர் விளக்கும் விதம் நம்மைத் திடுக்கிடச் செய்தது. விழித்திருப்பவனின் தெளிந்த அறிவை அவர் காட்டவில்லை. உறங்குகிறவனின் உணர்வைக் காட்டுகிறார். அது எதையும் நாடாது, புலப்பொருள் எதையும் பற்றாது, ஆயினும் இல்லாமற் போனதன்று. அறியாமலே இருக்கும் அறிவு ஒன்று உண்டென்று தமிழ்க் காப்பியம் ஒன்று காஞ்சியை இடமாக வைத்துச் சொல்லியிருக்கிறது. உ. வே. சாமிநாதையர் அந்நூலை அச்சிட்டது 1898இல். அதன் பௌத்தப் பகுதிகள் விளங்காமல் மளூர் ரங்காசாரியாரின் துணையை அவர் நாடியதை அறிந்தோர் அறிவர். அடுத்த ஆண்டின் இறுதியில், வியன்னா நகரில், சிக்மண்ட் பிராய்டின் கனவு விளக்க நூல் 1900 என்னும் ஆண்டைத் தலைப்பக்கத்தில் தாங்கி வெளிவந்தது. இரு நூல்களும் ஒன்றையொன்று அறியா.

பாலி மொழிப் பேருரைகாரரான புத்தகோசர் 5ஆம் நூற்றாண்டினர். தாம் முன்பு காஞ்சியில் சோதிபாலர் என்னும் துறவியுடன் தங்கியிருந்ததைத் தம் உரையொன்றின் முடிவில் நினைவுகூர்கிறார். அவர் மரபினர் 'பவங்கம்' என்றொரு மனநிலையைச் சொல்வர். அதை விளக்கும் உவமை நம் கிராமத்தாருக்கு எளிதில் விளங்கும். ஒருவன் மாமரத்தடியில் தலையை மூடிக்கொண்டு உறங்குகிறான். பழம் ஒன்று காதருகே விழுகிறது. ஓசையால் விழிக்கிறான், முக்காட்டை விலக்குகிறான், பார்க்கிறான், எடுத்துப் பிசைந்து முகர்ந்து, பழுத்தது என்று அறிந்து தின்கிறான். பின்னர் மீண்டும் உறங்கிவிடுகிறான். ஒவ்வோர் எண்ணமும் இப்படித்தான் எழுந்து அடங்குகிறது. இரண்டு எண்ணங்களுக்கு இடையே மனம் திரும்பிச் செல்லும் அந்த உறக்கமே பவங்கம் என்பர். இதை ஆழ்மனம் என்று மொழிபெயர்த்து விடுவோர் உளர். அது பொருந்தாது என்பதே நம் கருத்து. பவங்கம் எதையும் ஒளித்து வைத்திருப்பதன்று. உயிரின் ஓட்டம் அறாமல் காக்கும் நீரோட்டம், அவ்வளவே. தம்பியை ஏரியில் தள்ளும் கை அங்கிருந்து வாராது.

அந்தக் கைக்கு அதே மரபில் வேறொரு பெயர் உண்டு: 'அனுசயம்', அதாவது உள்ளே படுத்துக் கிடக்கும் நாட்டம். மல்லாந்து கிடக்கும் பச்சிளங் குழந்தைக்குத் 'தான்' என்ற எண்ணம்கூட இல்லை. ஆயினும் 'தான்' என்னும் பற்றின் நாட்டம் அதனுள் உறங்குகிறது என்று புத்தர் மாலுங்கிய புத்தருக்குச் சொன்னதாகப் பாலி நூல் கூறும். குழந்தையைக் களங்கமற்ற வெள்ளைத் தாளாகக் கொள்ளாத இந்த நோக்கு, பிராய்டைப் படித்தவருக்குப் பழகிய முகமாகத் தோன்றும்.

ஆனால் ஆழ்மனத்தைப் பற்றிய விரிவான கொள்கை யோகாசாரப் பௌத்தருடையது. அதன் பெருமக்களுள் ஒருவர் காஞ்சியில் பிறந்தவர். அவர் பெயர் தருமபாலர். காலம் 6ஆம் நூற்றாண்டு. அமைச்சர் ஒருவரின் மகன். அரசகுமாரியை மணக்க இருந்த நாளின் முன்னிரவில் மனம் கலங்கிப் புத்தர் படிமத்தின் முன் அழுது நின்றதாகவும், ஒரு தெய்வம் அவரைத் தொலைவிலுள்ள மலை விகாரைக்கு எடுத்துச் சென்றதாகவும் யுவான் சுவாங் கேட்டெழுதிய கதை. தெய்வம் தூக்கிச் சென்றதை விடுத்தாலும், மணப்பந்தலிலிருந்து விலகிச் சென்ற ஓர் இளைஞர் பிற்காலத்தில் நாலந்தாவின் தலைமைப் பேராசிரியராய் உயர்ந்தார் என்பது எஞ்சுகிறது. அவருடைய மாணவர் சீலபத்திரர். சீலபத்திரரின் மாணவரே யுவான் சுவாங். வசுபந்துவின் முப்பது செய்யுட்களுக்கு இந்தியர் பதின்மர் எழுதிய உரைகளை இணைத்து அவர் 659இல் சீன மொழியில் ஒரு நூலை முடித்தார். தருமபாலர் கருத்தையே அதில் முதன்மையாக வைத்தார். காஞ்சிக்காரரின் சிந்தனை காஞ்சியில் ஓர் ஓலையும் இன்றி, சீனத்தில் தப்பிப் பிழைத்தது. கிரேக்கரின் நூல்கள் சில அரபு மொழியில் மட்டும் உயிர்தப்பியதைப் படித்த நமக்கு இது புதுமையன்று. எனினும் நம் பக்கத்து ஊர்க்காரர் என்னும்போது நெஞ்சு சற்றுக் கனக்கத்தான் செய்கிறது.

அவர்கள் சொன்னது என்ன? ஐம்புல அறிவு ஐந்து, மன அறிவு ஒன்று, இவற்றின் அடியில் 'நான், எனது' என்று இடையறாது பற்றும் ஏழாவது ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் எட்டாவதாக 'ஆலய விஞ்ஞானம்'. ஆலயம் என்றதும் கோயில் என்று கொள்ளற்க. தங்குமிடம், சேர்த்து வைக்குமிடம் என்பதே ஈண்டுப் பொருள். பனியின் இருப்பிடம் இமாலயம் ஆனதுபோல. உத்திரமேரூர் வட்டாரத்து உழவர் வீட்டில் விதைநெல் வைக்கும் குதிரை எண்ணிக்கொண்டால் போதும். செய்த செயலும் நினைத்த நினைவும் ஒவ்வொன்றும் ஒரு விதையை அக்குதிரில் இடுகின்றன. விதை கண்ணுக்குத் தெரியாது; நீரும் பருவமும் கூடும்போது முளைக்கும்; முளைத்த செயல் மீண்டும் விதை இடும். பூக்களோடு சேர்த்து வைத்த எள்ளில் பூ மறைந்த பின்னும் மணம் நிற்பதுபோல என்றும் அவர்கள் உவமை கூறினர். 'வாசனை' என்பது அதற்கு அவர்கள் இட்ட பெயர். "பழைய வாசனை விடவில்லை" என்று ஒருவரைக் குறித்து நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அந்தத் தத்துவச் சொல்லையேதான்.

விதைகள் பிறவியிலேயே அமைந்தவையா, பழக்கத்தால் வந்தவையா என்று அவர்களுக்குள்ளேயே வழக்கு இருந்தது. ஒருவர் முன்னது என்றார். மற்றொருவர் பின்னது என்றார். தருமபாலர் இரண்டும் உண்டு என்றார். பிள்ளை வளர்ப்பைப் பற்றி இன்றைய உளவியலார் நடத்தும் வாதத்தை அறிந்தவர்கள் இந்த விடையைப் படித்துப் புன்னகை செய்யக்கூடும்.

இனி வியன்னா மருத்துவர். பிராய்டு 1856இல் பிறந்து, 1939இல் லண்டனில் அகதியாக இறந்தவர். கைகால் வழங்காமை, காரணமற்ற அச்சம் போன்ற நோய்களோடு வந்தவர்களைப் பேசவிட்டுக் கேட்டதில் அவர் கொள்கை பிறந்தது. மனம் ஏற்க வெட்கும் ஆசைகள் அழிவதில்லை, கீழே தள்ளப்படுகின்றன, கனவிலும் வாய் தவறிய சொல்லிலும் நோய்க்குறியிலும் வேடமிட்டு வெளிவருகின்றன என்றார். அதை விளக்க அவர் ஒரு வீட்டைக் காட்டினார். பெரிய கூடம் ஒன்றில் எண்ணங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. அடுத்தது சிறிய வரவேற்பறை. அங்கே நினைவு அமர்ந்திருக்கிறது. இடையிலுள்ள வாயிலில் ஒரு காவலன் நின்று, தகாதவரைத் திருப்பி அனுப்புகிறான்.

இந்தக் காவலனே இரு கொள்கைகளுக்கும் உள்ள வேறுபாடு என்று நாம் கருதுகிறோம். காஞ்சியாரின் குதிருக்குக் காவலன் இல்லை. விதை தெரியாமல் இருப்பது யாரும் ஒளித்ததால் அன்று; விதையின் இயல்பே அது. பிராய்டின் கூடத்தில் இருப்பவை தெரியாமல் இருப்பது, தெரியக்கூடாது என்று நமக்குள்ளே ஒருவன் தடுப்பதால். முன்னதில் அறியாமை, பின்னதில் மறைப்பு. ஆதலின் மருந்தும் வேறாகிறது. பிராய்டிடம் நோயாளி படுத்துக்கொண்டு பேச, மற்றொருவர் கேட்டுக் காவலனை இணங்கச் செய்ய வேண்டும். துறவியோ அமர்ந்து தன்னைத்தானே நோக்குகிறான். அவனுக்குக் குதிரில் உள்ளதை அறிவது மட்டும் போதாது. குதிரே மாறி, எதிர்ப்பட்டதை உள்ளபடி காட்டும் கண்ணாடியாக வேண்டும். பிராய்டு அத்தகைய முடிவை யாருக்கும் வாக்களிக்கவில்லை. கொடுந்துயரைச் சாதாரண மனக்குறையாக மாற்றினால் அதுவே பெரிது என்னும் அளவில் நின்றார். அவருடைய நேர்மையை நாம் மதிக்கிறோம்.

"பிராய்டு சொன்னதை நம்மவர் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டனர்" என்று மேடையில் முழங்குவோர்க்கு இவ்வேறுபாடு உவப்பளிக்காது. அவர் இங்கிருந்து எடுத்துக்கொண்டார் என்பதற்கும் இடமில்லை. வசுபந்துவின் முப்பது செய்யுட்களின் வடமொழி உரையைச் சில்வேன் லெவி நேபாளத்தில் கண்டெடுத்தது 1922இல், அச்சிட்டது 1925இல். தருமபாலர் கருத்தைத் தாங்கிய சீன நூல் பிரெஞ்சு மொழிக்கு வந்தது அதற்கும் பின்னர். சுற்றி வளைத்த வேறொரு வழி மட்டும் உண்டு; அது நம் வாசகர்களுக்குச் சுவையானது. முகலாய இளவரசர் தாரா ஷுகோஹ் 1657இல் உபநிடதங்களைப் பாரசீகத்தில் 'ஸிர்ரே அக்பர்' எனப் பெயர்த்தார். ஆங்கெத்தில் துபெரோன் 1801-02இல் அதை இலத்தீனில் வெளியிட்டார். அந்த இலத்தீன் நூலை இரவில் படுக்குமுன் ஓதும் நூல்போல் போற்றியவர் ஜெர்மானிய ஞானி ஷோப்பன்ஹவர். அவர்வழி வந்த ஹார்ட்மன் 1869இல் நனவிலியைப் பற்றிப் பெருநூல் எழுதினார். அடக்குதல் என்னும் தம் கருத்தை ஷோப்பன்ஹவர் முன்னரே தொட்டிருந்ததை பிராய்டு 1914இல் ஒப்புக்கொண்டார். எனினும் இது உபநிடதம் போன வழி; பௌத்தம் போன வழியன்று.

பௌத்தத்திலிருந்து பிராய்டு நேராக எடுத்துக்கொண்டது ஒரு சொல் மட்டுமே, அதுவும் பிழையாக. பார்பரா லோ என்னும் ஆங்கிலப் பெண்மணி வழங்கிய 'நிர்வாணத் தத்துவம்' என்னும் பெயரை 1920இல் அவர் ஏற்று, மனம் தன் கிளர்ச்சி முழுவதையும் அவித்துச் சாவை நாடும் நாட்டத்துக்குச் சூட்டினார். இல்லாமற் போக வேண்டும் என்னும் ஆசையையும் ஆசைகளுள் ஒன்றாகவே எண்ணி விலக்கியவர் புத்தர். இலங்கைப் பேராசிரியர் பத்மசிரி டி சில்வா 1973இல் வெளியிட்ட நூலில் புத்தரையும் பிராய்டையும் அருகருகே வைத்து ஆராய்ந்தது, இத்தகைய அவசரப் பொருத்தங்களுக்கு ஒரு கடிவாளம் எனலாம்.

இந்தியாவில் பிராய்டை முதலில் வரவேற்றவர் கல்கத்தா மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ். 1922இல் அங்கே உளப்பகுப்பாய்வுச் சங்கம் நிறுவினார். பிராய்டுடன் ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதி, வணக்கத்தோடு வாதிட்டார். அச்சங்கம் 1940இல் தொடங்கிய மனநல மருத்துவமனைக்கு 'லும்பினி பார்க்' என்று பெயர். புத்தர் பிறந்த ஊரின் பெயரைப் பிராய்டின் வழியினர் தம் வாயிலில் எழுதிக்கொண்டனர்.

அரபு உலகிலும் இதுபோன்றதொன்று நிகழ்ந்தது. நனவிலிக்கு அரபியில் பெயர் தேட வேண்டியிருந்தபோது, எகிப்தியப் பேராசிரியர் யூஸுப் முராது 1945இல் 'அல்லாஷுஊர்' என்னும் சொல்லை இப்னு அரபியின் வழக்கிலிருந்து எடுத்தளித்தார். கனவு விளக்க நூலை முஸ்தபா ஸப்வான் அரபியில் பெயர்த்தது 1958இல். அதற்கு அவர் இட்ட தலைப்பு 'தப்ஸீருல் அஹ்லாம்'. இப்னு ஸீரீன் (ரஹ்) பெயரால் வழங்கும் கனவு நூலை அலமாரியில் வைத்திருக்கும் எவருக்கும் அது அயலாகத் தோன்றாது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் உள்ளத்தின் விந்தைகளைக் கூறும் பகுதியில் ஒரு குளத்தைக் காட்டுகிறார்கள். மேலிருந்து ஐந்து வாய்க்கால்கள் வழியே அதற்கு நீர் வரும், அவை ஐம்புலன்கள். அல்லது வாய்க்கால்களை அடைத்து, அடியைத் தோண்டினால் ஊற்று நீர் சுரக்கும். ஏரிப் பாசனத்தில் வாழும் நமக்கு இவ்வுவமை எளிது. ஆனால் அடியில் கிடப்பது என்ன என்பதில் மூவரும் மூன்று விதம். பிராய்டுக்கு அங்கே கலங்கிய நீர். காஞ்சியாருக்கு நல்லதும் தீயதுமான விதைகள். இமாம் அவர்களுக்கோ தோண்டத் தோண்டத் தெளிந்த ஊற்று. உள்ளத்தின் அழுக்கை அவர்கள் மறந்தார்களில்லை. மனிதனுக்குள்ளே பன்றியும் நாயும் ஷைத்தானும் அறிஞனும் ஒருங்கே உறைவதாக அதே பகுதியில் சொல்கிறார்கள்.

இப்போது பிள்ளையின் முதல் கேள்வியை இம்மூன்று வாசல்களிலும் கேட்டுப் பார்ப்போம். கனவில் செய்ததற்குக் கணக்கு உண்டா? பிக்ஹின் விடையை முன்பே சொன்னோம். பௌத்தத் துறவியரின் ஒழுக்க நூலான விநயமும் கனவில் நேர்ந்ததைக் குற்றப் பட்டியலிலிருந்து விலக்குகிறது. ஆயினும், கனவில் எண்ணமே இல்லை என்று அது கூறவில்லை. எண்ணம் உண்டு, அது கணக்கில் கொள்ளத் தக்கதன்று என்கிறது. நுட்பமான தீர்ப்பு. பிராய்டு மட்டுமே கடுமையாகப் பேசுகிறார். 1925இல் எழுதிய சிறு குறிப்பொன்றில், கனவின் தீய எண்ணங்களுக்கு மனிதன் பொறுப்பேற்கத்தான் வேண்டும்; அவை அவனுடையவை அல்லாமல் வேறு யாருடையவை என்று கேட்கிறார். கடவுளை நம்பாத மருத்துவர், நம்புகிற சட்டவாணரைவிடக் கணக்கைக் கடினமாக்கியது வியப்பே. நம் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் 919, 921 ஆண்டுகளுக்குரிய பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைச் சட்டம் இன்றும் நிற்கிறது. கணக்குக் காட்டாதவனையும் களவு செய்தவனையும் அவன் உறவினரையும் வாரியத்திலிருந்து விலக்கும் அச்சட்டம், எவன் என்ன நினைத்தான் என்று ஓரிடத்திலும் கேட்பதில்லை. ஊரை ஆளும் சட்டத்துக்கு அவ்வளவு போதும்.

இரண்டாம் கேள்விக்கு, அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு, பிராய்டின் நூலிலேயே நேரான விடை கிடந்தது. உடன்பிறந்தார் இறப்பதாகக் காணும் கனவுகளை அவர் தனியே எடுத்துப் பேசுகிறார். அது இன்றைய விருப்பமாக இருக்க வேண்டியதில்லை. தாயின் மடியை மற்றொரு குழந்தை வந்து பிடித்துக்கொண்ட நாளில் தோன்றி, பின் அன்பினால் மூடப்பட்ட பழைய விருப்பம் என்கிறார். தருமபாலர் இருந்தால் பொறாமையின் விதை என்று சொல்லி, முற்பிறவிக்கும் போயிருப்பார். அவ்வளவு தொலைவு அவரோடு போக நம் அகீதா இடம் தராது. குதிர் வரை போகலாம்.

இவற்றையெல்லாம் நாம் படித்து முடிக்கப் பல மாதங்கள் ஆயின. பிள்ளைக்கு அத்தனை நாள் பொறுமை ஏது? அன்றே, வேறொன்றும் தோன்றாமல், "கனவு கண்டதற்கு முந்தின நாள் என்ன நடந்தது, தம்பி?" என்று மட்டும் கேட்டிருந்தோம். சற்று நேரம் தரையைப் பார்த்தபடி நின்றான். பிறகு சொன்னான். அன்று மாலை வாப்பா தொலைபேசியில் பேசினாராம். தம்பிக்குச் சைக்கிள் வாங்கிவிட்டதாகச் சொன்னாராம். அடுத்த வாரம் விடுமுறைக்கு வீட்டுக்குப் போகலாமா என்று இவன் கேட்டதற்குப் பதில் வருமுன் தொடர்பு அறுந்துவிட்டதாம். அதைச் சொல்லும்போதே அழத் தொடங்கினான். அழுது முடித்தபின் சமையற்கட்டுக்குப் போய்க் கஞ்சி கேட்டான் என்று சமையல் செய்பவர் வந்து சொன்னார்.